ஆட்டுத் தலை, யானை உடம்பு

திருவாடானை என்ற பெயரைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டதால், அதற்குள் ஒரு ஆடும் ஒரு யானையும் ஒளிந்திருப்பதை நாம் கவனிப்பதில்லை. வருணனின் மகன் வாருணி, துர்வாசரிடம் வாலாட்டினான். கோபத்துக்கே பெயர் போனவர் ஆச்சே, சும்மா விடுவாரா? 'ஆட்டுத் தலையும் யானை உடம்புமாகப் போ' என்று சாபம் விட்டார். வாருணி இங்கே வந்து ஆதிரத்தினேஸ்வரரைக் கும்பிட்டுச் சாபம் நீங்கினான். ஆடு, ஆனை... ஆடானை. சம்பந்தர் பாடிய தலம். பக்தர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

பி.காம். படித்தவனுக்குப் புத்தி வேறு மாதிரி போகிறது. ஆட்டுத் தலை, யானை உடம்பு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது பழைய காலத்து ஃபேக்டரி. உடம்பு பிரம்மாண்டம்: ஏக்கர் கணக்கில் ஷெட்டுகள், பாய்லர், புகைபோக்கி, ஆயிரக்கணக்கில் ஆட்கள். தலை சின்னது: கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம், மேஜைகள், மின்விசிறி, பேரேடு. உடம்பு உழைக்கும், தலை எண்ணும்.

இப்போது ஒரு கேள்வி. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ஐம்பது வருஷம் கழித்துப் போய்ப் பார்க்கிறீர்கள். எது நிற்கும், யானையா, ஆடா?

பத்துக்கு எட்டு இடத்தில் ஆடுதான்.

உதாரணத்துக்கு அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த். 1902-ல் ஸ்விஃப்ட், ஆர்மர் என்று இரண்டு மாட்டிறைச்சி ஜாம்பவான்கள் இங்கே ஆலை கட்ட வந்தார்கள். சும்மா வரவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்து வரவழைத்தார்கள். (ஃபேக்டரிக்கு ஊர் காசு கொடுப்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தீர்களா?) எந்த இடம் யாருக்கு என்பதை நாணயத்தைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார்களாம். ஆர்மர் ஜெயித்து வடக்குப் பக்கத்தை எடுத்துக்கொண்டது. தோற்ற ஸ்விஃப்ட்டுக்குக் கிடைத்த தெற்கு நிலத்தில் தோண்டினால் ஜல்லி! இரண்டு ஆலைகளையும் கட்ட அந்த ஜல்லிதான் உதவியது என்று ஊரில் கதை சொல்வார்கள். தோற்றவனுக்கும் லாபம். வியாபாரம் என்றால் இதுதான் ஸார்.

ஆர்மர் 1962-ல் மூடியது, ஸ்விஃப்ட் 1971-ல் மூடியது. யானை உடம்பில் பெரும்பகுதி போய்விட்டது. தீப்பிடித்தது பாதி, இடித்தது பாதி. அங்கங்கே சில சுவர்கள். ஆனால் ஸ்விஃப்ட்டின் ஆபீஸ் கட்டடம் மட்டும் அழகாக நிற்கிறது. பல வருஷங்கள் அது ஒரு ஸ்பகெட்டி ஹோட்டலாக இருந்தது. அப்புறம் ஒரு எண்ணெய்-எரிவாயு கம்பெனி அதைப் புதுப்பித்துத் தன் ஆபீஸாக வைத்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் 1902-ல் கட்டிய லைவ்ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் கட்டடம். மாட்டு விலை பேசிய இடம். அதுவும் பத்திரம். டூரிஸ்டுகளுக்காகத் தினம் இரண்டு வேளை நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் ஓட்டிக் காட்டுகிறார்கள். யாரும் அவற்றை வெட்டப்போவதில்லை. மாடுகளுக்கும் இது சம்பளம் வாங்குகிற உத்தியோகமாகிவிட்டது.

ஆபீஸ் மட்டும் ஏன் பிழைக்கிறது? காரணங்கள் ரொம்ப லௌகீகமானவை.

ஒன்று, கட்டுமானம். ஷெட்டுக்குத் தகரக் கூரை. ஆபீஸுக்கு நல்ல செங்கல், தேக்கு ஜன்னல், தூண் வைத்த முகப்பு. பேங்க்காரரும் மந்திரியும் வந்து போகிற இடம் அல்லவா?

இரண்டு, உபயோகம். மாடு வெட்டும் ஹாலை ஹோட்டலாக்குவது கஷ்டம். ஆபீஸை ஹோட்டலாக்கலாம், பேங்க் ஆக்கலாம், இன்னொரு ஆபீஸே ஆக்கலாம். மேஜையை மாற்றினால் போதும்.

மூன்று, இரும்பு. மெஷினுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. மூடிய மறுநாளே கிலோ கணக்கில் போய்விடும். ஆபீஸில் எடுத்து விற்க என்ன இருக்கிறது? காகிதம்தான்.

நான்கு, முக்கியமானது, வாசனை. ஆபீஸுக்கு வாசனை கிடையாது. ரத்தம் இல்லை, தோல் இல்லை, கொழுப்பு காய்ச்சும் நாற்றம் இல்லை. அதனால் அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'ஆஹா, பாரம்பரியம்' என்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நான்காவது காரணம்தான் எனக்கு நெருடுகிறது. ஒரு தொழிலின் நாற்றத்தைக் கழுவித் துடைத்துவிட்டு, வாசனையில்லாத பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு 'சரித்திரம்' என்று போர்டு மாட்டினால், அது யாருடைய சரித்திரம்?

சிகாகோவில் கதை இன்னும் மோசம். 1865 கிறிஸ்துமஸ் அன்று திறந்த யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ், உலகத்தின் கசாப்புக் கடை. கொக்கியில் தொங்கும் உடல் நகர்ந்து வர, ஒவ்வொரு ஆளும் ஒரே ஒரு வெட்டு மட்டும் வெட்டும் முறை அங்கே பழுத்தது. அதைத் திருப்பிப் போட்டால் கார் செய்யலாமே என்றுதான் ஹென்றி ஃபோர்டின் ஆட்கள் 1913-ல் அசெம்பிளி லைன் கண்டுபிடித்தார்கள். அந்தத் தொழிலாளிகளின் பாட்டை அப்டன் சின்க்ளேர் 1906-ல் 'தி ஜங்கிள்' என்ற நாவலாக எழுதினார். படித்த ஜனங்கள் தொழிலாளிக்காக அழவில்லை. 'ஐயையோ, நம் டின்னுக்குள் என்ன இருக்கிறதோ' என்றுதான் அலறினார்கள். அதே வருஷம் இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் வந்தது. மனசைக் குறி பார்த்தேன், வயிற்றில் பட்டுவிட்டது என்று சின்க்ளேரே நொந்துகொண்டார். 1971-ல் யார்ட்ஸ் மூடியது. மிச்சம் ஒரு சுண்ணாம்புக்கல் வாசல். அதன் உச்சியில் ஒரு மாட்டுத் தலைச் சிற்பம். பரிசு வாங்கிய காளையாம், பெயர் ஷெர்மன். மாட்டுக்குப் பெயர் இருக்கிறது, வெட்டியவனுக்கு இல்லை.

சரி, இதை ஒழுங்காகச் செய்த ஊரே கிடையாதா?

ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில் உருகுவே நாடு. அங்கே உருகுவே நதிக்கரையில் ஃப்ரே பென்டோஸ் என்று ஒரு சின்ன ஊர். ஜெர்மன் ரசாயன மேதை லீபிக், மாட்டிறைச்சியைக் காய்ச்சிச் சுண்ட வைத்துச் சத்து எடுக்கும் வழியைச் சொல்லியிருந்தார். ஒரு கிலோ சத்துக்குச் சுமார் 30 கிலோ இறைச்சி வேண்டும். ஐரோப்பாவில் கட்டுபடியாகாது. உருகுவேயில் தோலுக்காக மட்டும் மாட்டை வெட்டி, கறியை வீசி எறிந்துகொண்டிருந்தார்கள். கீபர்ட் என்ற இன்ஜினீயர் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார். 1865-ல் லண்டனில் கம்பெனி பதிவானது. 1873-லிருந்து டின்னில் அடைத்த மாட்டிறைச்சி. 1910-ல் ஆக்ஸோ கட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இதே கம்பெனிதான். மாட்டின் 'அம்மா'வைத் தவிர எதையும் வீணாக்க மாட்டோம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குச் சோறு போட்டது இந்த ஊர் டின். 1917 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் சேற்றில் ஒரு டாங்கி சிக்கிக்கொண்டது. உள்ளே இருந்த சிப்பாய்கள் இரண்டு நாளுக்கு மேல் வெளியே வர முடியாமல் சுடப்பட்டுக்கொண்டே கிடந்தார்கள். அந்த டாங்கிக்கு வைத்திருந்த பெயர் 'ஃப்ரே பென்டோஸ்'. தகர டப்பாவுக்குள் இறைச்சி! பெயர் வைத்தவருக்கு என்ன தீர்க்கதரிசனம்...

1924-ல் வெஸ்டி என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் கைக்கு வந்து, ஆலைக்கு 'ஆங்க்லோ' என்று பெயர் மாறியது. 1943-ல் மட்டும் 1 கோடியே 60 லட்சம் டின்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வேலை பார்த்தார்கள். போர் முடிந்தது, கிராக்கி குறைந்தது. 1964-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் டின் இறைச்சியால் டைஃபாய்டு பரவியது. அந்த டின் இந்த ஊருடையது அல்ல, அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. ஆனால் கெட்ட பெயருக்கு ஊர் வித்தியாசம் தெரியுமா? 1979-ல் ஆலை மூடியது. 2015-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நான் சொல்ல வந்தது அங்கே இருக்கும் ஆபீஸைப் பற்றி. பெரிய ஹால். வரிசையாக மர மேஜைகள். டைப்ரைட்டர்கள், கூட்டல் மெஷின்கள், கணக்குப் புத்தகங்கள். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போன குமாஸ்தாக்கள் திரும்பி வராததைப் போல அப்படியே வைத்திருக்கிறார்கள். மேஜையை மாற்றவில்லை, அதுதான் விசேஷம். அதோடு விடவில்லை. வெட்டும் கூடம் இருக்கிறது, பிரம்மாண்டமான குளிர்பதனக் கட்டடம் இருக்கிறது, மெஷின்கள் இருக்கின்றன, கப்பல் துறை இருக்கிறது. மேனேஜருக்குக் கட்டிய பெரிய பங்களா, ஆங்கில அதிகாரிகள் கோல்ஃப் ஆடிய மைதானம், கொஞ்சம் தள்ளித் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். எல்லாம் ஒரே காட்சியில். யார் எங்கே இருந்தார், யாருக்கு எவ்வளவு இடம் என்பதை ஒரு டூரிஸ்ட் கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆட்டுத் தலையும் இருக்கிறது, யானை உடம்பும் இருக்கிறது.

எனக்கு இதில் பிடித்தது பிரம்மாண்டம் இல்லை, நேர்மை. பற்றையும் வரவையும் எதிரெதிரே எழுதினால்தான் அது கணக்கு. வரவை மட்டும் எழுதினால் அதற்குப் பெயர் விளம்பரம். ஃபோர்ட் வொர்த் ஆபீஸ் விளம்பரம். ஃப்ரே பென்டோஸ் கணக்கு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள்.

முதலில் சென்னை. பெரம்பூர் பின்னி மில். பக்கிங்ஹாம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, இரண்டும் 1920-ல் ஒன்றாயின. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-ல் பிறந்தது இந்த மில் தொழிலாளிகளுக்காக. வாடியா, திரு.வி.க. எல்லாம் பேசிய பேச்சு. 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம், துப்பாக்கிச்சூடு. 1996-ல் மில் மூடியது. அதற்கப்புறம் நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், தெரியாமலே. எத்தனை தமிழ்ப் படங்களில் ஹீரோ வில்லனின் ஆட்களைப் புரட்டி எடுத்தது அந்த மில்லின் ஷெட்டுகளில்தான்! ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோறு, கடைசியில் ஒரு சண்டைக்காட்சியின் பேக்ரவுண்ட். பிறகு நிலம் கட்டுமானக் கம்பெனிகளின் கைக்குப் போனது. அடுக்குமாடிகள்.

பாரிமுனையை எடுத்துக்கொள்ளுங்கள். தாமஸ் பாரி 1788-ல் தொடங்கிய கம்பெனியின் ஆபீஸ் இருந்த மூலை. 1940-ல் எழுந்த டேர் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. தெருமுனைக்கே ஆபீஸின் பெயர், பஸ் போர்டில் ஆபீஸின் பெயர். கரும்பு வெட்டியவன், மூட்டை தூக்கியவன் பெயரில் ஒரு ஸ்டாப்பிங்காவது உண்டா? டேர் ஹவுஸை இடிக்கச் சொல்லவில்லை. நல்ல கட்டடம், இருக்கட்டும். அது பாதிக் கணக்கு என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது திருவாடானைப் பக்கமே திரும்புவோம். அந்தச் சீமையில் ஏது ஃபேக்டரி என்பீர்கள். மாடு பேக் பண்ணும் ஃபேக்டரி இல்லை, வாஸ்தவம். ஆனால் மனுஷர்களை எண்ணி, சோதித்து, நம்பர் போட்டு, கப்பலேற்றி அனுப்பிய இடம் ஒன்று இருந்தது. ராமேஸ்வரம் போகிற வழியில், பாம்பன் பாலத்துக்கு முன்னால், மண்டபம் கேம்ப்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன காலம். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்தார்கள். 1904-ல் திருச்சியில் தோட்டக்காரர்களின் லேபர் கமிஷன் ஆபீஸ் வந்தது. 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இடையில் நோய்த் தடுப்புக்காக இறக்கி நிறுத்திவைக்கும் முகாம்தான் மண்டபம். நம் மண்ணில் இருந்தாலும் நடத்தியது இலங்கை அரசாங்கம். நாள் கணக்கில் தங்க வைத்துச் சோதித்து, 'சரக்கு' சரியாக இருந்தால் மேலே அனுப்புவார்கள்.

அந்த ஆட்களுக்கு ஒரு அடையாளம் கொடுத்தார்கள் பாருங்கள், தகரத் துண்டு! 1901-லிருந்து நடைமுறை. எந்தத் தோட்டம், என்ன நம்பர் என்று அச்சடித்த தகர வில்லை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ரயிலும் கப்பலும் ஓசி. ஓசி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அந்தச் செலவுகள் எல்லாம் கங்காணி கணக்கில் கடனாக ஏறி, தொழிலாளியின் தலையில் வந்து உட்கார்ந்தது. இன்னொரு துண்டும் இருந்தது. 'இவன் இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன்' என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. இன்னொரு துரை அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம். கடனோடு சேர்த்து ஆள் கைமாறும். இந்தத் துண்டு முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

ஃப்ரே பென்டோஸில் இறைச்சியைத் தகரத்துக்குள் வைத்து அனுப்பினார்கள். இங்கே தகரத்தை மனுஷன் கழுத்தில் மாட்டி அனுப்பினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத் தமிழர் 9,75,000 பேர். அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பங்கு பிரிப்பது எப்படி என்று எங்கள் காலேஜில் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட்ஸ் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித் தரவில்லை. பிரிக்கப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது எந்தப் பத்தியிலும் இல்லை. கையெழுத்துப் போட்டு இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவு, புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. பாட்டன் கப்பலேறிய துறையே இல்லாமல் போன பிறகு, பேரன் ராமேஸ்வரம் வழியாகத் திரும்பி வந்தான். 1983-க்குப் பிறகு அகதிகள் வந்தார்கள். அவர்களைத் தங்க வைத்ததும் அதே மண்டபம் கேம்ப்தான்.

ஆக, மண்டபத்தில் யானை உடம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. நோய்த் தடுப்புக்காகக் கட்டிய பழைய வரிசைக் குடியிருப்புகளிலேயே மனுஷர்கள் குடும்பம் நடத்தினார்கள். இன்னொரு பக்கம் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம். 1949-லிருந்து 1971-ல் கொச்சிக்கு மாறும் வரைக்கும் அதன் தலைமையகமே இதுதான். இப்போதும் பிராந்திய மையம் இருக்கிறது. நல்ல காரியம், நல்ல விஞ்ஞானிகள். ஆனால் ராமேஸ்வரம் போகிற லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இந்த இடத்தின் கதை தெரியும்? கேம்ப் என்ற வார்த்தை ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இருக்கிறது. என்ன கேம்ப் என்று கேட்டுப் பாருங்கள். 'மிலிட்டரியா இருக்கும் ஸார்' என்பார்கள்.

தனுஷ்கோடியில் இடிந்த சர்ச்சைப் பார்க்க வேன் வேனாகப் போகிறோம். இடிபாடு அழகாக இருக்கிறது, பின்னால் கடல் நீலமாக இருக்கிறது, போட்டோ நன்றாக வருகிறது. மண்டபத்தில் வண்டி நிற்பதில்லை. ஏனென்றால் அது இடிபாடு இல்லை, அங்கே ஆள் இருக்கிறார்கள், துணி காய்கிறது. பாரம்பரியம் என்றால் ஆள் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நமக்கு எப்படியோ பழகிவிட்டது. வாசனையில்லாத ஆபீஸை விரும்புகிற அதே மனசுதான் இது.

'அதற்காக எல்லாப் பழைய ஷெட்டையும் மியூசியம் ஆக்க முடியுமா? காசு யார் தருவது?' என்று கேட்பீர்கள். நியாயம். ஃப்ரே பென்டோஸை முழுசாக வைத்திருக்க முடிந்ததற்கு ஒரு காரணம், அந்த நிலத்துக்குப் பெரிய விலை கேட்டு யாரும் வரவில்லை. பெரம்பூரில் ஒரு கிரவுண்டின் விலை தெரிந்தவன் ஷெட்டைக் காப்பாற்று என்று சொல்ல மாட்டான். சொன்னாலும் நடக்காது.

ஆனால் கட்டடத்தை விடச் சல்லிசாகக் காப்பாற்றக்கூடிய ஒன்று இருக்கிறது. காகிதம். கேட் பாஸ், சம்பளச் சீட்டு, பி.எஃப். ஸ்லிப், சங்க ரசீது, டிஸ்சார்ஜ் சர்டிஃபிகேட், தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த கார்டு, பாட்டி பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு தகர வில்லை. கம்பெனியின் பேரேடு கம்பெனியின் பக்கத்துக் கணக்கு. எதிர்ப்பக்கம் இதெல்லாம்தான். இது நம் வீடுகளில் இருக்கிறது. போகிக்குப் போகி எரிகிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் எரிக்காதீர்கள். பின்பக்கம் பென்சிலால் யாருடையது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். பிளாஸ்டிக் கவரில் போட்டுப் புழுங்க விடாதீர்கள். வீட்டில் வைக்க இடமில்லை என்றால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்களை அணுகிக் கேளுங்கள். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது ரொம்பச் சின்னது: மண்டபம் கேம்ப் வாசலில் ஒரு கல். இங்கே என்ன நடந்தது, எந்த வருஷத்திலிருந்து, எந்த ஜில்லா ஆட்கள், எங்கே போனார்கள் என்று பத்து வரி. அதற்கு நிலம் வேண்டாம், கோடி வேண்டாம்.

வாருணிக்காவது சாபம் நீங்கிப் பழைய உடம்பு முழுசாகத் திரும்பக் கிடைத்தது. இவர்களுக்குப் பெயராவது திரும்பக் கிடைக்கட்டும்.